கல் கிண்டிக்கு, ஆள் தன்பாத்துக்கு

அடையாறில் பழைய ஃபிளாட்டை இடித்துப் புதிதாக எழுப்புகிறார்கள். ராத்திரி ஜல்லி லாரி வந்து கொட்டினால் எதிர்வீட்டு மாமாவின் தூக்கம் போகிறது; விடிந்ததும் மாநகராட்சிக்குப் புகார். தூக்கம் போனால் கேட்க ஆள் உண்டு. ஜல்லி வெட்டும் இடத்தில் உயிர் போனால்?

அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. குவாரிக் குத்தகையும் டன் கணக்கும் மாநிலத்துக்கு. புவியியல், சுரங்கத் துறை ஆணையரகம் இதோ கிண்டியில், ஆட்டோ தூரம். உள்ளே இறங்குகிறவனின் உயிர் மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு. தலைமையகம் ஜார்கண்டின் தன்பாத்தில். கல் நமக்கு, கல்லுக்கடியில் கிடப்பவன் அவர்களுக்கு. வக்கீல் வைக்காமலே முடிந்த பாகப்பிரிவினை!

கெட்டிப் பாறையானாலும் 6 மீட்டருக்கு மேல் போகாமல் படிப்படியாக வெட்ட வேண்டும் என்று 1961-லேயே விதி எழுதியாகிவிட்டது. 2022 மே 14 இரவு, நெல்லை அடைமிதிப்பான்குளத்தில் முந்நூறு அடிப் பள்ளத்தில் பாறை சரிந்து 4 பேர் செத்தார்கள். 2025 மே 20, சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் வெடிக்குக் குழி போட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல் பாறை விழுந்து 6 பேர். முந்நூறு அடி ஒரு ராத்திரியில் வந்த ஆழமா? வருஷக்கணக்காக நடைச்சீட்டு எழுதி லாரி லாரியாக அனுப்பிய ஆழம். எழுதக் கை இருந்தது, எட்டிப் பார்க்கத்தான் கழுத்து இல்லை. நம் ஃபிளாட்டுக்குப் போடும் கான்கிரீட்டைக் கியூப் பிடித்து, 28-ஆம் நாள் லேபில் உடைத்துப் பார்த்துச் சான்றிதழ் வாங்குகிறோம். குவாரிச் சுவரை ஆள் மேலேயே தள்ளிச் சோதிக்கிறோம்.

அரசுக்கு வேகம் இல்லை என்று யார் சொன்னது? மல்லாக்கோட்டைக்கு முந்தின மாதம், புது வரியை எதிர்த்துக் குவாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உடனே பேச்சுவார்த்தை, வெட்டும் கல்லுக்கு அரசு வாங்கும் சீனியரேஜ் கட்டணம் டன்னுக்கு 60 ரூபாயிலிருந்து 33-க்கு இறங்கியது. பாறைக்கடியில் போனவர்களும் வேலையை நிறுத்தியவர்கள்தான். பேச்சுவார்த்தைக்குத்தான் வர முடியவில்லை.

2025 நவம்பர் 21 முதல் 1952-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டம் போய்ப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் இனி முதலாளிக்கு யோசனை சொல்லி ஒத்தாசையும் செய்வார். பாவம், இத்தனை நாள் செய்யாமலா இருந்தார்! விதிமீறலால் ஆள் செத்தால் 2 ஆண்டு வரை சிறை, வேண்டாமென்றால் 5 லட்சத்துக்குக் குறையாத அபராதத்தோடு கோர்ட் விட்டுவிடலாம். ஐந்து லட்சத்தோடு மயிலாப்பூரில் ஃபிளாட் கேட்டுப் போய்ப் பாருங்கள். ஐம்பது சதுர அடிகூட வராது என்று வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவார்.