உராய்வைப் புறக்கணிக்க

பிளஸ் ஒன் இயற்பியல் வீட்டுப்பாடக் கணக்கு பெரும்பாலும் மூன்றே வரிதான். முதல் வரியில் ஒரு கட்டையோ, கல்லோ, லிஃப்டில் நிற்கும் 60 கிலோ ஆசாமியோ அறிமுகம். இரண்டாம் வரியில் அதை இழுப்பார்கள், எறிவார்கள், அல்லது மாடியிலிருந்து கீழே போடுவார்கள். மூன்றாம் வரி சலுகை: உராய்வைப் புறக்கணிக்க, காற்றின் தடையைப் புறக்கணிக்க.

தீர்ப்பவர் முதலில் 'கொடுக்கப்பட்டவை' என்று தலைப்பிட்டு எண்களை வரிசையாக எழுதுகிறார். இதற்கு இயற்பியல் தேவையில்லை. ஆனாலும் நோட்டில் கால் பக்கம் நிரம்பிவிடும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை வினாடிக்கு இத்தனை மீட்டர் ஆக்க 5/18-ஆல் பெருக்க வேண்டும். அவசரத்தில் அது 18/5 ஆனால், மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் 5பி பஸ் வினாடிக்கு 10 மீட்டருக்குப் பதில் 129.6 மீட்டர் பறக்கும். மயிலாப்பூரிலிருந்து தி.நகர் நாலு கிலோமீட்டர் என்று வைத்தால், அரை நிமிஷத்தில் போய்விடலாம். அதே பஸ்ஸில் லஸ் சிக்னலில் வேர்த்து வழிய நின்றுவிட்டு வந்த பிள்ளைதான் இந்த விடைக்குப் பெட்டி போடுகிறது.

அடுத்தது படம்: கட்டையைச் சுற்றி அம்புக்குறிகள். உராய்வுக்கு அம்பு போட மறப்பது மயிலாப்பூர்க்காரர்களுக்கு அழகில்லை. பங்குனிப் பெருவிழாவில் கபாலீசுவரர் தேர் நிலையைவிட்டுக் கிளம்பத்தான் வடம் பிடிப்பவர்கள் மூச்சைப் பிடிக்க வேண்டும். நகர்ந்துவிட்டால் அவ்வளவு பாடில்லை. ஓய்வுநிலை உராய்வின் உச்சம் இயக்க உராய்வைவிடப் பெரிது என்று பாடநூல் சொல்வது இதற்கும் உறவுதான். மாட வீதி முனையிலோ உராய்வை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். ஒரு பக்கச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட, மரம் கிறீச்சிட்டு நசுங்க, தேர் திரும்புகிறது. புறக்கணித்திருந்தால் நேரே யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறியிருக்கும்.

சூத்திரம் தேடுவதில் ஒரு நுட்பம் உண்டு. தொடக்கத் திசைவேகம், இறுதித் திசைவேகம், முடுக்கம், இடப்பெயர்ச்சி, நேரம் ஆகிய ஐந்தில் மூன்றைத் தந்து ஒன்றைக் கேட்பார்கள். மிச்சமுள்ளது எதுவோ, அது இல்லாத சமன்பாட்டை எடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்று பார்த்தே குடும்பச் சண்டையைத் துல்லியமாகச் சொல்லும் மாமிகளின் முறை இது.

பிறகு புவியீர்ப்பு முடுக்கம். 1901-ல் சர்வதேச அளவைகள் மாநாடு நிர்ணயித்த தர மதிப்பு 9.80665. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சென்னையில் உண்மையில் சுமார் 9.78. லண்டனிலிருந்து தி.நகருக்கு வருபவரின் எடை 0.3 சதவீதம் குறையும். (தங்கத்துக்குப் பயன்படாது, கடைத்தராசு இங்கேயே சரிபார்க்கப்பட்டது.) மாடியிலிருந்து விழும் கல், காற்றுத் தடை இல்லையென்றால், 2 வினாடியில் சென்னைக் கணக்குப்படி 19.56 மீட்டர் விழும், 9.8 என்றால் 19.6, 10 என்றால் 20. எது சரி என்பதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் தீர்மானிக்கிறது.

விடை அதோடு ஒத்துவராவிட்டால், கீழிருந்து மேலே போகும் முறை இருக்கிறது. எங்கோ ஒரு 2 முளைக்கும், ஒரு கழித்தல் குறி மறையும், அழிரப்பர் தேயும். ஒத்துவந்ததும் அலகு எழுத வேண்டும். மறந்தால் அரை மதிப்பெண் போகும்.