தேனீ இல்லாமல் தேனீப் பாடம் நடத்துவது எப்படி?

முதல் வேலையாக ஜன்னலைச் சாத்துங்கள். தேனீப் பாடம் நடக்கும்போது தேனீ உள்ளே வந்தால் பிள்ளைகளின் கவனம் சிதறும்.

கரும்பலகையில் செம்பருத்தி வரையுங்கள். தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது, அந்தப் பூவை நாடி வருவது தேன்சிட்டுதான் என்றாலும் பாகம் குறிக்க அதைவிடத் தோதான பூ ஏது? சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் பரங்கிக்கொடி படர்ந்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் அழைத்துப் போகாதீர்கள். ஆண் பூ நீளக் காம்பில் தனியே நிற்கும். பெண் பூவின் அடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு இருக்கும். தேனீ மகரந்தம் கொண்டுவராவிட்டால் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி, வெம்பி உதிர்ந்துவிடும். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை பரீட்சையில் சொந்தமாக விடை எழுதும். அப்புறம் திருத்துவது யார்? நல்லவேளையாகப் பரங்கிப் பூ விடியலில் விரிந்து முற்பகலிலேயே சுருங்கிவிடும். பாடத்தைக் கடைசிப் பீரியடில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘தேனீயைப் போல் உழைக்க வேண்டும்’ என்று கால் மணி நேரமாவது பேசியாக வேண்டும். உழைப்பதெல்லாம் பெண்கள், ஆணுக்குக் கொடுக்கும் கிடையாது, தேன் சேகரிக்கிற வேலையும் கிடையாது, பஞ்சகாலத்தில் கூட்டைவிட்டே துரத்திவிடுவார்கள் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். மாணவிகள் சிரிப்பார்கள். பூ எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்பதைத் தேனீ ஆடிக் காட்டுவதை விளக்கிய கார்ல் வான் ஃபிரிஷ், 1973-ல் நோபல் பரிசு பெற்றதைச் சொல்லலாம். ஆடிக் காட்டுங்கள் என்றால் முழங்கால் வலி.

“சார், தேன்னா தேனீ எடுக்குற வாந்தியா?” என்று ஒருவன் நிச்சயம் கேட்பான். தேன்பை வேறு, இரைப்பை வேறு. கொண்டுவந்ததை வாய்க்கு வாய் மாற்றி, இறக்கையால் விசிறி, ஈரத்தைச் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இறக்கி மெழுகால் மூடுகின்றன. அந்த வறட்சியிலும் புளிப்பிலும் கிருமி பெருக முடியாது, அதனால்தான் தேன் கெடுவதில்லை. இவ்வளவையும் சொல்வதற்குள் மணி அடித்துவிடும். “உட்காருடா” போதும்.

செய்முறைக்குத் தீக்குச்சியைத் தேனில் தோய்த்து உரசுங்கள், பற்றினால் அசல். ஈரம் குறைந்த எந்தப் பாகில் தோய்த்தாலும் பற்றும், அது நம் கவலையில்லை. உறைந்த தேனைக் கண்டால் ‘சீனி கலந்தது’ என்று தீர்ப்புச் சொல்லுங்கள். குளுக்கோஸ் கூடுதலாக உள்ள சுத்தமான தேனும் உறையும். கடைக்காரர் வந்து வாதாடட்டும்.

மார்த்தாண்டம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ‘தேன் பூவிலிருந்து வருகிறது’ என்று நீங்கள் சொன்ன வாய் மூடுமுன்னே, “சார், எங்க அப்பா பெட்டி வச்சிருக்காவ. ரப்பர் எலைக்காம்புலேருந்துல்லா தேன் வருது” என்பான் பின்வரிசைப் பையன். சொல்வது உண்மை. தை, மாசியில் இலையுதிர்ந்து துளிர்க்கும் ரப்பர் மரத்தில், மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தில் தேன் சுரக்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மார்த்தாண்டம் தேனில் பெரும்பகுதி அதுதான். பையனைச் சாக்பீஸ் எடுத்துவர அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு தேனீ உள்ளே நுழைந்தால் பரீட்சை அட்டையால் வீசி அடியுங்கள். அது யாரையாவது கொட்டும். கொட்டிய இடத்தில் கொடுக்கோடு விஷப்பையும் தங்கி, தேனீ போன பிறகும் விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். உடனே நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். பாடத்தில் அது இல்லாததால், சுண்ணாம்பு கேட்டு ஆளனுப்பிவிட்டுக் காத்திருங்கள்.