பானட் திறந்தால் பிரசன்னமாகிறவர்

கூரைமேல் சோற்றுருண்டை வைத்ததும் காக்கை வந்து உட்காருவதைப்போல, எங்கள் வீதியில் எவராவது காரின் பானட்டைத் தூக்கிய மாத்திரத்தில், வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காபி குடித்த வாயை மேல்துண்டால் துடைத்தவாறே பிரசன்னமாகிவிடுகிற மகானுபாவர் ஒருவர் உண்டு. அவருக்குச் சொந்த வாகனம் கிடையாது. இருந்த சைக்கிளையும் பேரன் எடுத்துக்கொண்டான். ஆனால் என் அம்பாஸடர் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வம்சத்தில் வந்தது என்பதையும், அதன் என்ஜின் 1,489 சி.சி. என்பதையும், கோத்திரம் சொல்லி அபிவாதனம் செய்கிற சிரத்தையோடு ஒப்புவிப்பார்.

சென்ற மார்கழியில், காலையில் கிளப்பியதும் அந்த வண்டி பல்லி சொல்வதுபோல் 'டிக் டிக்' என்று சப்தமிட, அவர் கண்ணை மூடி, நாடி பார்க்கும் வைத்தியரைப்போல மட்கார்டின்மேல் இரண்டு விரலை ஊன்றி, "டேப்பட்டுதான் ஸார், சந்தேகமே வேண்டாம்" என்று தீர்ப்பளித்தார். என்ஜின் சூடேறியதும் சப்தம் அடங்கிப்போயிற்று. அதையும் தம் கைராசியின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்.

மறுநாள் வந்த மெக்கானிக் வாய் திறவாத மனிதர். ஆறிக்கிடந்த என்ஜினைக் கிளப்பச் சொல்லி, முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் பொருத்தி, மறு முனையை எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனவர், கடைசி சிலிண்டரண்டை நின்றார். அங்கே, குழந்தையின் கன்னத்துத் திருஷ்டிப்பொட்டு அளவில், புகைக்கரி அப்பியிருந்தது. "பேக்கிங் போயிருக்கு. சூட்டுல இரும்பு விரிஞ்சு இடுக்கை அடைச்சுக்குது" என்றார்.

"டேப்பட்டுக்குப் பக்கத்தில் என்றுதானே நானும் சொன்னேன்!" என்றார் நம்மவர்.

இந்த என்ஜினில் பெட்ரோல் உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் கூட்டுக்குடும்பமாக ஒரே பக்கம் இருப்பதால், கார்புரேட்டரையும் கழற்ற வேண்டியதாயிற்று. துருவேறிய நட்டுகளுக்கு இராமுழுதும் மண்ணெண்ணெய் அபிஷேகம்; அப்படியும் ஒரு ஸ்டட் முறிந்தது. மேனிபோல்டின் முகத்தில் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தால், கோணலாகிப்போன இடத்தில் பீலர் கேஜின் தகடு சுளுவாக நுழைந்தது. லேத்துக்குப் போய் முகம் சமமாகித் திரும்பிற்று. புதிய பேக்கிங் வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, ஒரே மூச்சில் இறுக்காமல் சுற்றுச்சுற்றாக முடுக்கினார் மெக்கானிக். டார்ச் பிடிக்கும் கைங்கரியத்தை வலிய ஏற்ற நம்மவர், ஸ்பேனர் இருந்த இடம் தவிர மற்றெல்லா இடத்துக்கும் வெளிச்சம் பாய்ச்சினார்.

அடுத்த வாரம் எதிர்வீட்டுக் கார் 'டிக் டிக்' என்றது. நான் திண்ணையிலிருந்து பார்க்கிறேன்: மட்கார்டில் இரண்டு விரல், மூடிய கண். "மேனிபோல்டு பேக்கிங்தான் ஸார், சந்தேகமே வேண்டாம்."

அந்தக் காருக்கு டேப்பட்டுதான்.