மேக்னம் தாத்தா

கொலராடோவில் மலையடிவார ஊர் எதில் வேண்டுமானாலும் இறங்குங்கள், மேக்னம் தாத்தா ஒருவராவது கண்ணில் படுவார். எழுபது தாண்டிய உருவம், சேறு காயாத பிக்கப் வண்டி, காதில் மெஷின், புருவத்துக்கு மேலே பிறை வடிவில் ஒரு பழைய தழும்பு. மனிதர் தங்கமானவர். காபி வாங்கித் தருவார், எந்த ஓடையில் டிரவுட் மீன் கிடைக்கும் என்றுகூடச் சொல்வார் (பொய்தான் சொல்வார், ஆனால் சொல்வார்). அவரிடம் செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று: வலது தோளில் தட்டிவிடாதீர்கள். துள்ளிவிடுவார். வலிக்கிறதா என்று கேட்டால், "சேச்சே, ராத்திரி படுத்த வாக்கு சரியில்லை" என்பார். வருஷா வருஷம் செப்டம்பரில் மட்டும் படுத்த வாக்கு ஏன் கெட்டுப்போகிறது என்று அவர் மனைவி கேட்பதில்லை. நாற்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் சில கேள்விகள் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன.

செப்டம்பர், துப்பாக்கியின் குறியைச் சரிபார்க்கும் மாதம். அக்டோபரிலும் நவம்பரிலும் எல்க் வேட்டை. நம் நாட்டில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தச் சோலியை மூட்டை கட்டிவிட்டது. அங்கே அது லைசென்ஸும் குலுக்கலும் வன அதிகாரியும் உள்ள சட்டபூர்வமான குடும்ப விவகாரம். எல்க் என்பது நம் கடமானைவிடப் பெரிய மான். நல்ல ஆண் முந்நூறு கிலோவைத் தாண்டும். அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல் திரிகின்றன. ஒன்று விழுந்தால் வீட்டு ஃப்ரீசர் அடுத்த கோடை வரைக்கும் நிறைந்திருக்கும். ஆகவே தாத்தாவைக் கொலைகாரர் என்று நினைத்துவிட வேண்டாம். அவரால் துன்பப்படும் முதல் ஜீவன் அவரேதான்.

காரணம், அவர் கையிலிருக்கும் .300 வின்செஸ்டர் மேக்னம். 1963-ல் சந்தைக்கு வந்த தோட்டா இது. தாத்தா முப்பது வயதில், கழுத்தும் தோளும் ஒன்றாக இருந்த காலத்தில் வாங்கினார். பெரிய மிருகத்துக்குப் பெரிய தோட்டா என்பது அவருடைய வேதம். அந்த வேதத்துக்கு ஒரு ரிஷியும் உண்டு: ஐடஹோ மாநிலத்து எல்மர் கீத். கனமான குண்டு, பெரிய துளை, மற்றதெல்லாம் முயல் சுட என்று ஆயுள் முழுக்க எழுதித் தள்ளியவர். அவருக்கு எதிர்க்கட்சி, 'அவுட்டோர் லைஃப்' பத்திரிகையின் ஜாக் ஓ'கானர். 1925-ல் பிறந்த .270 வின்செஸ்டரே போதும், சரியான இடத்தில் படவேண்டும், அவ்வளவுதான் என்றவர். வேடிக்கை என்னவென்றால் அவரும் கடைசியில் குடியேறியது அதே ஐடஹோவில். இருவரும் போய்ச் சேர்ந்து பல பத்தாண்டுகள் ஆகியும், வேட்டை முகாம்களில் கணப்பு மூட்டியதும் இருவரும் எழுந்து வந்துவிடுவார்கள். தாத்தா எப்போதும் கீத் கட்சி. ஓ'கானர் கட்சிக்காரர்களைக் 'கல்லூரிப் பையன்கள்' என்பார். அந்தப் பையன்களுக்கும் எழுபது ஆகிவிட்டது.

துப்பாக்கி ஏன் உதைக்கிறது என்பதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. பன்னிரண்டு கிராம் குண்டு நொடிக்குத் தொள்ளாயிரம் மீட்டர் வேகத்தில் முன்னே போகிறது. அதன் பின்னாலேயே வெடிமருந்துப் புகை இன்னும் வேகமாகப் போகிறது. இரண்டுக்கும் சேர்த்து நாலு கிலோ துப்பாக்கி பின்னே வந்தாக வேண்டும்; நியூட்டன் யாருக்கும் வயதுச் சலுகை தருவதில்லை. நொடிக்கு நாலு மீட்டர் வேகத்தில் வந்து தோளில் இறங்குகிறது. அவர்கள் கணக்கில் அது இருபத்தைந்து அடி-பவுண்டுக்கு மேல். துப்பாக்கியின் எடை கூடினால் உதை குறையும், எடை குறைந்தால் உதை கூடும். கிழவர்களுக்கென்றே விதி வைத்த பொறி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் முறையிட்டது தோள் அல்ல, முழங்கால். மூவாயிரம் மீட்டர் உயரத்தில், மூச்சே கடனாகக் கிடைக்கும் காற்றில், கனத்த துப்பாக்கியைச் சுமந்து ஏற முடியவில்லை. தாத்தா தீர்க்கமாக யோசித்து, மலைக்கென்றே செய்த லேசான துப்பாக்கி ஒன்று வாங்கினார். கட்டை ஃபைபர், குழல் ஒல்லி, எடை மூன்று கிலோவுக்குக் கீழே. தோட்டா மட்டும் அதே முந்நூறு மேக்னம். வேதத்தை மாற்ற முடியுமா? முழங்கால் வாழ்த்தியது. குறி பார்க்கும் மைதானத்தில் முதல் வெடியிலேயே ஸ்கோப்பின் விளிம்பு வந்து புருவத்தில் பதிந்தது. மேலே சொன்ன பிறைத் தழும்பு அப்போது வந்ததுதான். கேட்பவர்களிடம் கரடி என்று ஆரம்பிப்பார். மனைவி பக்கத்திலிருந்தால் வண்டிக் கதவு என்று முடிப்பார்.

அந்த மைதானத்தில் அவரைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். சிமெண்டு மேஜை. அதன்மேல் மணல்மூட்டை. தாத்தா வந்ததும் நேரே சுட உட்காரமாட்டார். ஸ்கோப் கண்ணாடியைத் துடைப்பார். காற்றைப் பார்ப்பார். பக்கத்து மேஜைக்காரரிடம் தேர்தலைப் பற்றி விசாரிப்பார். சட்டைக்குள்ளே தோளில் ஒரு துண்டை மடித்து வைப்பார், வியர்வைக்கு என்று சொல்லிக்கொண்டு. வெளியே பூஜ்யத்தை ஒட்டிய குளிர். பிறகு வேறு வழியில்லாமல் உட்கார்வார். கன்னத்தைக் கட்டையில் வைத்ததும் அவர் உதடு ஒரு கோடாக இறுகும். இடது கண்ணோடு வலது கண்ணும் மூடும். டமார். நூறு கஜத்தில் நிற்கும் அட்டையில் குண்டு தாண்டவம் ஆடியிருக்கும். "காற்று" என்பார்.

ஒருநாள் அவருடைய நெடுநாள் சேக்காளி ஒரு காரியம் செய்தார். "நான் லோடு பண்ணித் தர்றேன், நீ சும்மா சுடு" என்று சொல்லி, அறையில் தோட்டாவே போடாமல் துப்பாக்கியை நீட்டினார். பழைய வித்தை, துப்பாக்கி கற்றுத் தருகிறவர்கள் எல்லாரும் செய்வது. தாத்தா விசையை அழுத்தினார். 'டிக்' என்றது. வெடியே இல்லாத துப்பாக்கியின் குழல் தலைகுப்புற மேஜையைப் பார்த்து இறங்கியது; தாத்தா தோளைப் பின்னுக்கு இழுத்து, பல்லைக் கடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். மைதானம் மொத்தமும் பார்த்தது. நிசப்தம். கண்ணைத் திறந்த தாத்தா சொன்னார்: "தோட்டா மோசம். கம்பெனிக்கு எழுதணும்."

அதற்குப் பின் வைத்தியங்கள் தொடங்கின. கட்டையின் முனையில் தடித்த ரப்பர் மெத்தை. நல்ல பலன், ஆனால் கட்டை நீண்டுபோய்க் கோட்டு போட்டால் அக்குளில் சிக்கியது. கட்டைக்குள் பாதரசக் குழாய் செருகினார். உதை குறைந்தது, எடை ஏறியது, முழங்கால் மறுபடி மனு கொடுத்தது. பிறகு குழல் முனையில் மசில் பிரேக். புகையைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் ஓட்டை போட்ட உருளை அது. உதை ஏறக்குறையப் பாதியாகிவிடும், உண்மைதான். ஆனால் அந்தப் பாதி எங்கேயும் தொலைவதில்லை, சத்தமாகப் பக்கத்தில் இருப்பவர்மேல் போய் விழுகிறது. தாத்தா காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாகச் சுட்டார். மூன்றாவது வெடியில் இருபுறமும் மேஜைகள் காலி. சத்தம் குறைப்பான் மாட்டினால் சத்தம், உதை இரண்டுமே அடங்குமே என்றால், அதற்கு 1934-ல் போட்ட சட்டப்படி அரசாங்கத்துக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். தாத்தா தோளைக் கொடுப்பார், ஃபாரம் கொடுக்க மாட்டார்.

இதய டாக்டர் பேஸ்மேக்கர் வைக்கும்முன், "எந்தத் தோளில் வைத்துச் சுடுவீர்கள்?" என்று கேட்டார். வேட்டைக்காரர்களிடம் அங்கே கேட்கவேண்டிய கேள்விதான். சுடும் பக்கம் கருவியை வைத்தால் உதை அதன்மேல் விழும். மருந்து, உப்பு, நடை என்று டாக்டர் சொன்ன வேறு எதுவும் தாத்தாவுக்கு நினைவில்லை. 'டாக்டரே என் துப்பாக்கியை விசாரிச்சார்' என்று ஊர் முழுக்கச் சொன்னார். எலும்பு டாக்டர் அவ்வளவு நாசூக்கு இல்லை. தோள் தசைநார் கிழிந்திருக்கிறது, ஒன்று இதை நிறுத்துங்கள் அல்லது சின்னதாக ஏதாவது வாங்குங்கள் என்றார். சின்னதாக! தாத்தா அவரைக் கல்லூரிப் பையன் கணக்கில் சேர்த்தார்.

ஆனாலும் அடுத்த வாரம் துப்பாக்கிக் கடையில் நின்றார். கடைக்காரருக்கு இந்த ஜாதி மனிதர்கள் மனப்பாடம்.

"என்ன சார் பார்க்கலாம்?"

"எனக்கில்ல. பேத்திக்கு."

"அப்படியா. பேத்திக்குத் தோள் எப்படி?"

"கொஞ்சம்... மென்மை."

கடைக்காரர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவருக்கு வியாபாரம் நடக்கிறது. 7 எம்எம்-08 ஒன்றை எடுத்து வைத்தார். ராணுவத்து .308 கூட்டையே கழுத்தில் குறுக்கிச் செய்தது. ரெமிங்டன் 1980-ல் விற்கத் தொடங்கியது. முந்நூறு மேக்னத்தின் உதையில் சுமார் பாதி. 2007-ல் வந்த 6.5 க்ரீட்மோரையும் காட்டினார். பெயரைக் கேட்டதும் தாத்தா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தாடி வைத்து, லேட்டே குடிக்கும் இளைஞர்களின் தோட்டா அது என்பது அவர் துணிபு. ஸ்வீடன்காரர்கள் 1894-லிருந்து அதே தடிமன் குண்டில்தான் எல்க்கைவிடப் பெரிய மூஸ்களைச் சாய்க்கிறார்கள் என்று கடைக்காரர் சொல்லியிருக்கலாம். விற்கத் தெரிந்தவர், சொல்லவில்லை. 7 எம்எம்-08-ஐ கட்டித் தந்தார். பேத்திக் கதைக்கு வலுச்சேர்க்க, தாத்தா இளஞ்சிவப்பில் ஒரு தோள்வாரும் வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் வந்தது. பேத்திக்கு வாலிபால் போட்டி. "துப்பாக்கி ஒழுங்கா இருக்கான்னு அவளுக்காக ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று தாத்தா மலையேறினார், இளஞ்சிவப்பு வாருடன். முகாமில் கேலி செய்தவர்களிடம், வேட்டைக்காரர்கள் ஆரஞ்சுக்குப் பதில் பளீர் இளஞ்சிவப்பு போடலாம் என்று 2016-லேயே மாநிலம் சட்டம் திருத்தியிருப்பதை எடுத்துச் சொன்னார். அந்தச் சட்டம் மேலே போடும் உடுப்புக்குத்தான், துப்பாக்கி வாருக்கு அல்ல. முகாமில் வக்கீல் யாரும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, நூற்றைம்பது கஜத்தில் ஓர் ஆண் எல்க் பக்கவாட்டில் நின்றது. தாத்தா சுட்டார். பெரிய உதைக்குத் தயாராக இருந்த தோள், சின்னதாக ஒரு தள்ளலோடு ஏமாந்து நின்றது. ஸ்கோப் கண்ணைவிட்டு நகரவே இல்லை. முன்னங்காலுக்குப் பின்னே குண்டு பட்டதும், எல்க் நாலடி தள்ளாடி உட்கார்ந்ததும் அவருக்கு ஸ்கோப்பிலேயே தெரிந்தது. முகாமுக்கு வந்து மூச்சு வாங்க அதைச் சொன்னார். சேக்காளி ஒரே கேள்விதான் கேட்டார்: "அப்போ இத்தனை வருஷமா நீ எதையும் பார்த்ததே இல்லையா?"

பதில் இல்லை. ஆனால் மதம் மாறியவரின் வேகம் பிறவி பக்தருக்கு வராது என்பதை அந்தக் குளிர்காலம் முழுவதும் ஊர் அனுபவித்தது. தாத்தா இப்போது கீத்தின் பெயரைச் சொல்வதில்லை. ஆப்பிரிக்காவில் ஆயிரம் யானைக்கு மேல் சுட்ட கரமோஜோ பெல், அவற்றில் பெரும்பகுதியை 7 எம்எம் தோட்டாவில்தான் வீழ்த்தினார் என்பார். ஆட்கொல்லிப் புலிகளைத் துரத்திய ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பியும் அதே 7 எம்எம்தான் என்று மேஜையைத் தட்டுவார். பெல், யானை மண்டையை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று பாடம் படித்தவர் என்ற பகுதியை விட்டுவிடுவார். கடையில் யாராவது இளைஞன் மேக்னத்தைக் கையில் எடுத்தால் போதும், "தம்பி, அது கண்ணை மூடிக்கிட்டுச் சுடறவங்களுக்கு" என்பார்.

போன வாரம் கடையில் .243 ஒன்றைக் கையிலெடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உதை பத்து அடி-பவுண்டைத் தொடுவதே அபூர்வம். கொலராடோ சட்டம் எல்க்குக்கு அனுமதிக்கும் குறைந்தபட்சத் தடிமன், 85 கிரெயின் குண்டு போட்டால் சரியாகத் தேறிவிடும். கடைக்காரர் வழக்கம்போல யாருக்கு என்று விசாரித்தார்.

"கொள்ளுப்பேரனுக்கு" என்றார் தாத்தா.

பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.