மர்மம் கக்கத்தில்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மழை ஓய்ந்ததும் இரண்டு விளைச்சல் வரும். ஒன்று மக்காச்சோளம், இன்னொன்று மர்மக் காய்ச்சல். முதலாவதற்குக் கட்டுப்படியாகிற விலை கிடைக்காது. இரண்டாவது என்றைக்கும் நல்ல விலைக்குப் போகும்.

பேப்பரில் முதல் நாள் ‘மர்மக் காய்ச்சல்: கிராம மக்கள் பீதி’ என்று வரும். மறுநாள் ப்ளீச்சிங் பவுடர், நிலவேம்புக் கஷாயம், கொசுப்புகை, போட்டோ. மூன்றாம் நாள் பீதி வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். மர்மம் மட்டும் ஊரிலேயே தங்கிவிடும்.

என் அத்தைக்கு வந்ததும் மர்மம்தான். சோளத்தட்டை அறுக்கப் போய்விட்டு வந்த பத்தாம் நாள் காய்ச்சல். முதலில் மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை. கேட்கவில்லை. பிறகு ஒரு கிளினிக். இடுப்பில் ஊசி, கையில் குளுக்கோஸ், குளுக்கோஸ் மஞ்சளாக இருந்தால்தான் சத்து என்பதால் அதில் மஞ்சள் மருந்து. பிறகு லேப். லேப் சீட்டில் வைடால் பாசிட்டிவ். “லேசா டைபாய்டு இருக்கும்மா.” டீக்கடையில் லைட்டா ஸ்ட்ராங்கா என்று கேட்பார்களே, அந்தக் கணக்கு.

இந்த வைடால் பரிசோதனையை ஒரு பிரெஞ்சு டாக்டர் உலகுக்குச் சொன்னது 1896-இல். வ.உ.சி. கப்பல் விடுவதற்குப் பத்து வருஷம் முன்னால். எப்போதோ வந்துபோன டைபாய்டுக்கும், போட்ட தடுப்பூசிக்கும், சில சமயம் வேறு காய்ச்சலுக்கும்கூட அது தலையாட்டிவிடும். ஒரே ஒரு முறை எடுத்த வைடாலை நம்பாதே என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் பிளட் கல்ச்சர் முடிவு வர நாள் கணக்காகும். வைடால் கைமேல் பலன்.

ஐந்தாம் நாள் பெட்டில் போட்டு, விலை கூடிய ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ஏழாம் நாள் அத்தைக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் இந்த வட்டாரத்தின் மிகப் பழைய மருந்துச் சீட்டு எழுதப்பட்டது: “திருச்சிக்குக் கொண்டுபோயிடுங்க.” அரியலூர்க்காரர்களுக்கு அதே சீட்டில் தஞ்சாவூர் என்று இருக்கும்.

எங்கள் மண்ணில் கண்டுபிடிப்புக்குப் பஞ்சமில்லை. சாத்தனூரில் 12 கோடி வருஷத்துக் கல்மரத்தை 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியலாளர் கண்டெடுத்தார். 18 மீட்டர் நீளம். செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டையையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஏழு நாளாகக் கட்டிலில் கிடந்த ஒரு மனுஷியின் கக்கத்தில் இருந்த பொட்டளவு கருப்புப் பொருக்கு மட்டும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அந்தப் பொருக்குதான் துப்பு. உண்ணிக்காய்ச்சல் என்று நாம் சொல்கிற ஸ்க்ரப் டைபஸில், புதரிலும் வயல் வரப்பிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குஞ்சு கடித்த இடம் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்துவிடும். அக்குள், தொடையிடுக்கு, பாவாடை நாடா கட்டுமிடம் என்று மறைவாகவே கடிக்கும். எல்லாருக்கும் இருக்காது, இருந்தால் ஸ்கேன் வேண்டாம், கண் போதும். டாக்சிசைக்ளின் என்று ஒரு மலிவு மாத்திரை, ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். அத்தைக்கு ஏற்றிய விலை கூடிய மருந்து இந்தக் கிருமியைச் சீண்டக்கூடச் சீண்டாது.

இப்படித் தேடிப் பார்ப்பதையே படிப்பாக வைத்திருக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், எம்.டி. மூன்று, அதற்கு மேல் தொற்றுநோய்க்கென்று டி.எம். மூன்று. வேலூர் சி.எம்.சி., டெல்லி எய்ம்ஸ் என்று சில இடங்களில் சொல்லித் தருகிறார்கள். 140 கோடி பேருக்கு அந்த இடங்கள் யானைப் பசிக்குச் சோளப்பொரி. மூன்று வருஷம் வார்டு வார்டாக நடந்து, என்ன வேலை செய்கிறாய், எந்தத் தண்ணீர் குடிக்கிறாய், வீட்டில் ஆடா மாடா, எந்த ஊர் போய் வந்தாய் என்று கிராமத்துக் கிழவிபோல் விசாரிக்கப் பழகுகிறார்கள். லேபில் உட்கார்ந்து கிருமியை நேரில் பார்க்கிறார்கள். முக்கியமாக, எந்த மருந்தை நிறுத்துவது என்று கற்றுக்கொள்கிறார்கள்.

வினையே அங்கேதான். ஸ்டென்ட் வைக்கத் தெரியாது, ஸ்கோப் விடத் தெரியாது, இருக்கிற மருந்தையும் நிறுத்தச் சொல்கிற ஆளை எந்த முதலாளி சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வான்? பார்மசி கல்லாவில் மண்ணள்ளிப் போடவா?

2023-இல் சி.எம்.சி.யின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் ஓர் ஆய்வு வந்தது. உண்ணிக்காய்ச்சல் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால், தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் என்றார்கள். அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழ் அதை வெளியிட்டது. வேலூரிலிருந்து பாஸ்டன் போய்ச் சேர்ந்த அந்தச் செய்தி பெரம்பலூர் பஸ் ஏறவில்லை.

கட்டடம் வரவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2022 ஜனவரி 12-இல் 11 மருத்துவக் கல்லூரிகளைப் பிரதமர் காணொலியில் திறந்தார், அரியலூரும் அதிலொன்று. பெரம்பலூர் அரசுக் கல்லூரிக்கு இன்னும் காத்திருக்கிறது. அரியலூர்க் கல்லூரி அரங்கத்துக்கு அனிதா பெயரை வைத்திருக்கிறார்கள். குழுமூர்ப் பெண், பிளஸ் டூவில் 1200-க்கு 1176. தகுதி போதாது என்று நீட் வாசலோடு அனுப்பியது. 2017 செப்டம்பர் 1-இல் உயிரை விட்டாள். அதே நாடு, 2023-இல் மேற்படிப்பு இடங்கள் நிரம்பவில்லை என்றதும், நீட் பி.ஜி. தகுதியைப் பூஜ்யம் பெர்சன்டைலுக்கு இறக்கிவிட்டது. பரீட்சை எழுதியிருந்தால் போதும், தகுதி வந்துவிட்டது. தகுதி தகுதி என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் அன்றைக்கு எந்த ஊரில் இருந்தார்களோ.

தமிழ்நாட்டுக்குத் தேடத் தெரியாதா என்ன! 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். சேகரித்த ரத்தத்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, வேலூருக்கு ரயிலில் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். 2020 மே மாதம் கோயம்பேட்டிலிருந்து திரும்பிய கூலிக்காரர்களோடு கொரோனா வந்து எங்கள் இரண்டு மாவட்டங்களும் பேப்பரில் அடிபட்டபோது, தொற்றுநோய் நிபுணரைத் தெய்வம் என்றோம். அதே வருஷம் தட்டைத் தட்டினோம், பூத் தூவினோம். தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் தெய்வத்தையும் கவிழ்த்துவிட்டோம்.

திருச்சியில் அத்தையைப் பார்த்தது மீசை சரியாக முளைக்காத ஒரு டாக்டர்ப் பையன்.

“கையைத் தூக்குங்கம்மா.”

“காச்சல் நெத்தியிலல்ல தம்பி இருக்கு?”

“தூக்குங்கம்மா. காட்டு வேலைக்குப் போனீங்களா?”

அவ்வளவுதான் மர்மம். அதற்குள் நுரையீரல் கெட்டு, நாலு நாள் ஐ.சி.யூ.; தோட்டைக் கழற்றி அடகு வைத்தோம்.

பிழைத்து ஊருக்கு வந்த அத்தை, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் “எனக்கு டைபாய்டு முத்திப்போச்சு” என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திருத்திப் பார்த்தேன். அந்த லேப் சீட்டை எடுத்து என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார்.