முதுகுக்கு அடியில் மன்னவனூர்

ஐம்பதாவது வயதில் எனக்கு இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டு தூங்கும் ஆசை வந்தது. ஒரு வயதில் வந்திருந்தால் அம்மா ஒரு பழைய சேலையில் காரியத்தை முடித்திருப்பாள். இப்போது நைலான் துணி, இரண்டு பட்டை, இரண்டு கொக்கி என்று ஆன்லைனில் வாங்க வேண்டியதாயிற்று. டப்பாவில் ஹாமக் என்று போட்டிருந்தது. "என்னங்க, உங்க தூளி வந்திருக்கு" என்று மனைவி தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

முதல் பயணம் மன்னவனூர். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை தாண்டிப் போக வேண்டும். ஜனவரி மாதம், தெரிந்தவர் ஒருவரின் தோட்டம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர், "உள்ள ரூம் இருக்கு சார், கம்பளி இருக்கு" என்றார். "இல்லண்ணே, நான் இதுலதான்" என்று தைல மரங்களைக் காட்டினேன். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்.

பத்து மணிவரை சொர்க்கம். பன்னிரண்டு மணிக்கு முதுகில் யாரோ ஈரத்துணியை விரித்தார்கள். இரண்டு மணிக்கு அந்தத் துணி உறைந்தது. மார்புப் பக்கம் வேர்க்கிறது, முதுகுப் பக்கம் பற்கள் தந்தியடிக்கின்றன. தோசையை ஒரு பக்கம் மட்டும் வேகவைத்து எடுத்தால் அதற்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எனக்கு. பையில் இருந்த ஜெர்கின், துண்டு, வேட்டி எல்லாவற்றையும் ஸ்லீப்பிங் பேக்குக்கு மேலே மேலே போர்த்தினேன். மேல்பக்கம் இன்னும் வேர்த்தது. செல்போன் எட்டு டிகிரி என்றது. முதுகு அதை நம்பவில்லை.

மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காலையில் அந்தப் பக்கம் நடந்தேன். வயிற்றுக்கு அடியிலும் கம்பளி வளர்ந்த ஜீவராசிகள் வரிசையாக நின்று, அசை போட்டபடி என்னைப் பார்த்தன. எனக்கு அவமானமாக இருந்தது.

ஊருக்கு வந்து படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஸ்லீப்பிங் பேக்கில் நம்மைக் காப்பது துணியோ பஞ்சோ அல்ல, பஞ்சுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும் காற்று. 84 கிலோ உடம்பு மேலே படுத்தால் அடியில் இருக்கும் பஞ்சு அப்பளமாகிவிடும்; காற்று வெளியேறிவிடும். தரையில் படுத்தால் தரை மட்டும்தான் சூட்டை உறிஞ்சும். தொங்கினால் முதுகுக்குக் கீழே மலைக்காற்று இரவு முழுக்க ஓசியில் விசிறும். ஹாமக் என்ற சொல்லே கரீபியன் தீவுகளின் தைனோ மக்களுடையது. 1492இல் கொலம்பஸ் போனபோது அவர்கள் இதில்தான் படுத்திருந்தார்கள். அந்தப் புழுக்கத்தில் முதுகுக்கு அடியில் காற்று போவது வரம். அவர்களில் யாரும் மன்னவனூரை மனதில் வைத்து அதைச் செய்யவில்லை.

ஆக, அடியில் ஏதாவது போட வேண்டும், நசுங்காததாக. இதை ஒரு வாரம் ஆராய்ந்து கண்டுபிடித்து அம்மாவிடம் சொன்னேன். "ஏண்டா, தூளியில பிள்ளையப் போடுறவுக அடியில துணியை மடிச்சுப் போடாமயா போடுவாக?" என்றாள், முருங்கைக்கீரை ஆய்வதை நிறுத்தாமல்.

மதுரையில் ஒரு மெத்தைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மஞ்சள் நிற சோபா ஃபோமை அமுக்கிக் காட்டினார். "படுத்தீங்கன்னா எந்திரிக்க மாட்டீங்கண்ணே." ஒரு துண்டு வாங்கி வந்து பக்கெட்டில் போட்டேன். அரை பக்கெட் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆடி மாசத்து ஆடு மாதிரி கனத்தது. அதன் கண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்தவை. பனியில் ஒரு இரவு கிடந்தால் ஈர மெத்தைதான். எனக்கு வேண்டியது கண்ணறைகள் மூடிய ஃபோம். டிவி வாங்கும்போது சுற்றி வரும் வெள்ளை ஃபோம், பால்வாடியில் பிள்ளைகள் ஏபிசிடி அடுக்கும் மேட் எல்லாம் அந்தச் சாதி. தண்ணீரில் போட்டால் மிதக்கும், குடிக்காது.

குளிரைத் தாங்கும் திறனுக்கு ஆர்-வேல்யூ என்று ஒரு கணக்கு உண்டு. மடித்துத் தூக்கிப் போகும் நல்ல ஃபோம் பாய்களுக்கு 2 என்று போட்டிருப்பார்கள். பத்து மில்லிமீட்டர் வெள்ளை ஃபோமுக்கு என் கணக்கில் ஏறத்தாழ 1.4 வந்தது. இதில் ஒரு நியாயம் என்னவென்றால், ஒன்றின்மேல் ஒன்று போட்டால் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு போட்டால் 2.8. பள்ளியில் எனக்கு யாரும் இப்படிச் சலுகை தந்ததில்லை.

எடை அரை கிலோகூட இல்லை. ஆனால் சுருட்டினால் வந்த உருவம்தான் வம்பு. கொடைக்கானல் பஸ்ஸில் கண்டக்டர் அதை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். "தவிலுக்கு லக்கேஜ் போடணும்ணே." தவில் இல்லை, ஃபோம் என்றேன். "எதுவா இருந்தா என்ன, ஆள் உட்கார்ற இடத்துல உட்கார்ந்திருக்கே" என்று டிக்கெட்டைக் கிழித்தார். பின் சீட்டில் ஒருவர், நாதஸ்வரக்காரர் அடுத்த பஸ்ஸில் வருகிறாரா என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

பிப்ரவரியில் அதே மரங்கள். முதுகு சூடாக இருந்தது. எனக்குக் கண்ணீரே வந்தது. ஒரு மணி நேரத்துக்குத்தான். புரண்டபோது பாய் வழுக்கிக்கொண்டு போய் என் பக்கத்தில் செங்குத்தாக நின்றது, பெர்த் தகராறில் பாதி ராத்திரி எழுந்து நிற்கும் சகபயணி மாதிரி. இழுத்துப் போட்டேன். மறுபடி நின்றது. இரட்டைத் துணி வைத்த ஹாமக் என்று ஒன்று விற்கிறார்கள்; ஃபோமை இரண்டுக்கும் நடுவில் செருகிவிட்டால் அது அங்கேயே கிடக்கும். நான் சிக்கனமாக ஒற்றைத் துணி வாங்கியவன்.

அடுத்தது தோள். ஐம்பது சென்டிமீட்டர் அகலம் தரையில் போதும். தூளியோ இரண்டு பக்கமும் எழுந்து தோளைக் கட்டிப்பிடிக்கும்; அங்கே ஃபோம் இல்லை, வெறும் நைலான், அதற்கு அப்பால் மன்னவனூர்.

மூன்றாம் முறை இரட்டைத் துணித் தூளி வந்தது. (கூரியரை நானே தெருமுனையில் போய் வாங்கிக்கொண்டேன்.) தோள் இருக்கும் இடத்தில் குறுக்காக இரண்டு துண்டுகளை வைத்துச் சிறகு செய்தேன். மூடிய ஃபோமில் வேர்வைக்கும் போக்கிடம் இல்லை என்பதால் மேலே ஒரு பருத்தி விரிப்பு. சற்றுக் கோணலாக, மூலைவாட்டில் படுத்தால் முதுகு வளையாது; அப்படியே படுத்தேன். நன்றாகத் தூங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும், நாலு மணிவரை.

நாலு மணிக்கு இடது தோள் மட்டும் சில்லிட்டது. இடது சிறகைக் காணோம். டார்ச் அடித்துப் பார்த்தால் கீழே கிடக்கிறது. அதன்மேல் தோட்டத்து நாய் வாலால் மூக்கை மூடிச் சுருண்டிருக்கிறது. பக்கத்திலேயே வைக்கோல் போர் இருந்தும் இதைத்தான் அது தேர்ந்தெடுத்திருந்தது. மெதுவாகக் கையை நீட்டினேன். கண்ணைத் திறக்காமலே உறுமியது. விடியும்வரை வலது தோளை மட்டும் அனுபவித்தேன்.

காலையில் தோட்டக்காரர் கட்டங்காப்பியோடு வந்தார். நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அடுத்த தடவை வர்றப்ப அந்தப் பக்கத்துத் துண்டையும் விட்டுட்டுப் போங்க சார். இன்னொரு நாயும் இருக்கு."