கம்பம் பள்ளத்தாக்கில் ஐகான் தொன்மை எய்துமா? ஓர் ஆய்வு முன்வரைவு

ஆய்வுப் பொருள்: 1999 நவம்பரில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு ஐகான், 1.6 லிட்டர் பெட்ரோல் வகை. ஆய்வு எல்லை: கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாய், மேற்கே போடிமெட்டு, தெற்கே லோயர் கேம்ப். வடக்கெல்லை வகுக்கப்படவில்லை, அந்தப் பக்கம் ஆய்வாளருக்குச் சோறு போடும் உறவினர் எவருமில்லை. ஆய்வு வினா: சந்தைக்கும் சடங்குக்கும் ஓடித் தேய்ந்த ஒரு வேகச் செடான், பிற்காலத்தில் 'கிளாசிக்' என்று போற்றப்படுமா?

இப்பொருள் குறித்து இதுவரை எவரும் ஆராயவில்லை. (முன்னுரையில் இப்படி எழுதுவது மரபு. தேடிப் பார்த்துவிட்டு எழுதுவது மரபன்று.)

முதலில் வரலாற்றுப் பின்னணி. ஆய்வேட்டின் பொருள் தேங்காய்ச் சில்லாக இருந்தாலும் தொடக்கம் குமரிக்கண்டமாக இருந்தாக வேண்டும். எனவே இங்கும் சங்கங்கள் மூன்று. 1998-ல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிக்கத் தொடங்கிய மிட்சுபிஷி லான்சர் தலைச்சங்கம். 1999-ல் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த ஹூண்டாய் ஆக்சென்ட் இடைச்சங்கம். அதே ஆண்டு மறைமலை நகர் ஈன்ற ஐகான் கடைச்சங்கம். மூன்று செடான்களும் சென்னையைச் சுற்றியே தோன்றியது தமிழரின் தொன்மைக்குச் சான்று என்பர் ஒரு சாரார். துறைமுகம் பக்கத்தில் இருந்ததுதான் காரணம் என்பர் மறு சாரார். மறு சாராரைக் கருத்தரங்குக்கு அழைப்பதில்லை. கடைச்சங்கத்தைக் கடல் கொள்ளவில்லை. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று ஃபோர்டு நிறுவனத்தார் 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022-ல் மறைமலை நகரில் உற்பத்தியை நிறுத்தினார்கள். ஐகான் அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே நின்றுபோயிருந்தது.

வேகம் பற்றிச் சிறிது. ஏறத்தாழ ஒரு டன் எடை; 90-க்கு மேற்பட்ட குதிரைத்திறன். அன்று பரவலாக ஓடிய கார்புரேட்டர் மாருதி 800-க்கு 40 குதிரைகூட இல்லை. ஐகானை 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரம் செய்தார்கள். சின்னமனூர் தாண்டி உத்தமபாளையம் போகும் சாலையில் திராட்சை லாரியை மூன்றாம் கியரில் முந்தும்போது அந்த ஜோஷ் வெளிப்படும் என்பது பெரும்பான்மைக் கருத்து (டீக்கடை, கிழக்கு பெஞ்சு).

சட்டப்படி தொன்மை எது என்பதில் மயக்கமில்லை. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, உருமாறாத வண்டியே வின்டேஜ் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்த்தார்கள். ஐகான் 2000-ல் பதிவானதாகக் கொள்க. முதல் 15 ஆண்டு முடிய எஃப்.சி.; பிறகு ஐந்தைந்தாக ஏழு எஃப்.சி. கண்டால் 2050. இருபது வயது கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டு முதல் 10,000 ரூபாய், அதுவும் ஐந்தாண்டுக்கு. வின்டேஜ் பதிவுக்கோ முதலில் 20,000, பத்தாண்டு கழித்து மறுபதிவுக்கு 5,000. கிழமாக இருப்பதைவிடப் படுகிழமாக இருப்பது மலிவு என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. இதற்குத் தனியாக ஒரு பட்டம் கேட்கலாம்.

இனி ஐந்திணைப் பாகுபாடு. அஃதின்றித் தமிழில் எதையும் ஆராய இயலாது. இயன்றாலும் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். குறிஞ்சி: போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் நிலம் அது. தரையோடு தவழும் செடானுக்கு அங்கே வேலையில்லை. ஆயினும் உரிப்பொருள் புணர்தல் ஆகையால், வண்டியின் அடிவயிறும் வேகத்தடையும் கூடும் இடமெல்லாம் குறிஞ்சியே. முல்லை: இருத்தல். கவர் போட்டு நிற்கிறது; ஓட்ட வேண்டியவர் துபாயில். மருதம்: முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் வயல், உரிப்பொருள் ஊடல், காரணம் மைலேஜ். நெய்தல்: மாவட்டத்தில் கடல் இல்லை, சென்னையில் வாங்கி வந்த வண்டியின் கதவடியில் உப்புக் காற்றுத் துரு இருந்தால் கணக்கில் சேர்க்க. பாலை: காயலான் கடை.

வண்டியின் உண்மை வயதைக் கணிப்பதுதான் இவ்வாய்வின் இதயம். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சில பாமரர் சொன்னார்கள். அவ்வளவு எளிதில் தெரிந்துவிட்டால் ஆய்வு எதற்கு? எனவே ஆய்வாளர் 'ஆயுத பூஜை அடுக்காய்வு' என்னும் புதுமுறையை வகுத்துள்ளார். பூஜையன்று வண்டிக்கு நடப்பவை மூன்று. சந்தனம், குங்குமம் வைப்பது. அடுத்த வாட்டர் வாஷில் போய்விடும். நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சை வைத்து நசுக்குவது. தடயம் ஆட்டுக்குட்டியின் வயிற்றுக்குள் போய்விடும். முன்பம்பரின் இருபுறமும் வாழைக்கன்று கட்டுவது. இதுதான் நிலைக்கும். வெட்டிய கன்றின் பால் பம்பரில் வழிந்து காய்ந்தால் அந்தக் கறை சோப்புக்கும் போகாது, டீசலுக்கும் போகாது, உரிமையாளரின் மச்சான் கொண்டுவந்த துபாய் பாலிஷுக்கும் போகாது. வாழை செழித்த சின்னமனூர்ப் பகுதியில் கன்றுகள் ஆள் உயரம். கறையும் அதற்கேற்ற கனம். ஆண்டுக்கு ஓர் அடுக்கு. எண்ணினால் வயது.

முறை எளிது, சிக்கல்கள் பல. ஓர் அடுக்கு விடுபட்டிருந்தால் அந்த ஆண்டு வீட்டில் தீட்டு என்பர் ஒரு குழுவினர். வண்டி பட்டறையில் கிடந்தது என்பர் மற்றொரு குழுவினர் (மெக்கானிக், வாய்மொழி, கிரீஸ் கையுடன்). ஒரே ஆண்டில் இரண்டு அடுக்கு இருந்தால் இடையில் ஒரு கல்யாணம். இடப்பக்கக் கறை தடித்தும் வலப்பக்கம் மெலிந்தும் இருப்பதை வைத்து, ஊரில் ஒற்றைக்கன்று வழிபாடே பழையது, இரட்டைக்கன்று பிற்காலச் சேர்க்கை என்று நிறுவ முயன்றோரும் உண்டு (டீக்கடை, மேற்கு பெஞ்சு, மழை நாள் பதிப்பு, இதற்கு மறுப்பு: அதே பெஞ்சு, மழை விட்ட பின்). இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, முட்டியபின் பம்பரையே மாற்றியிருப்பது. அதை இடைச்செருகல் என்று கொண்டு ஒதுக்குக. மாற்றிய பம்பரிலும் கறை இருந்தால், அது வேறொரு வண்டியின் வரலாறு. அந்த வண்டியைத் தேடிப் போவது முனைவர் பட்ட மேலாய்வு.

கீழடி மாதிரிகளை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிக் காலம் கணித்ததுபோல் இப்பம்பரையும் அனுப்ப எண்ணினோம். கூரியர் கடைக்காரர் எடை பார்த்துவிட்டு மறுத்தார். ஒரு வகையில் நல்லதுதான். பாடுபட்டுத் தோண்டி, எழுதிக் கொடுத்த அறிக்கையை இரண்டாண்டு வைத்திருந்து, திருத்தி எழுதிக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பும் வழக்கம் மத்தியத் தொல்லியல் துறையில் உண்டு. பம்பர் அறிக்கைக்கு அந்த ஆபத்தில்லை. எவரும் கேட்கவில்லை.

அடுத்து மூலபாட ஆய்வு. கிடைத்துள்ள ஒரே மூலம் ஒரு விற்பனை அறிவிப்பு: 'சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி, ஏ.சி. சில்.' நேராகப் படித்தால் பொருள் விளங்கிவிடுகிறது. ஆகவே அது தவறான வாசிப்பு. நச்சினார்க்கினியர் வழியில் கொண்டு கூட்டினால், 'சிங்கிள்' ஓனரை விட்டு விலகி 'சில்'லோடு சேர்ந்து, ஏ.சி. ஒரே ஒரு வேகத்தில்தான் வேலை செய்யும் என்றாகும். 'டாக்டர் ஓட்டிய' என்பது எஞ்சிய 'ஓனர்' என்பதோடு கூடி, ஓனரை டாக்டர் ஓட்டிவிட்டார், மருத்துவச் செலவுக்காகவே விற்பனை என்று முடியும் (மெக்கானிக், மேற்படி, அதற்கு உரை: உதவிப் பையன், உரைக்கு விளக்கம்: பக்கத்துக் கடை டிங்கர், விளக்கத்துக்குக் குறிப்பு: டிங்கரிடம் பட்டி பார்க்க வண்டி விட்டுவிட்டு நான்கு மாதமாக அலைபவர், கோபத்தில் சொன்னது, ஆகவே நம்பகமானது). இவ்வுரைமரபில் எவரும் அந்த வண்டியைப் பார்த்ததில்லை. ஓலைச்சுவடியைப் பார்க்காமலே பதிப்புரை எழுதுவோர் உள்ள நாட்டில் இது குறையாகாது.

ஒப்பாய்வு. இங்கிலாந்தில் குடும்பம் ஏற்றிப்போன சாதாரண ஃபோர்டு கார்ட்டினா, 1963-ல் லோட்டஸ் கை பட்டு கார்ப் பந்தயத்துக்குப் போய், இன்று சேகரிப்போர் தேடும் பொருள். நம்மூரில் கான்டெஸா 1984 முதல் 2002 வரை வந்தது. பெட்ரோல் குடிக்கிறது என்று விரட்டப்பட்டது. இப்போது அதற்கு வண்ணம் பூசிப் படம் எடுக்கிறார்கள். இரண்டிலும் பொதுக்கூறு ஒன்றே: வண்டி பணக்காரரிடம் போய்ச் சேர்ந்த பிறகே தொன்மை எய்தியது. கம்பத்தில் ஐகான் இன்னும் விவசாயியிடம் இருக்கிறது. டிக்கியில் பன்னீர் திராட்சைக் கூடை. அக்டோபருக்குப் பிறகு போடிக்கு ஏலக்காய்ச் சாம்பிள். மூன்றாண்டாகியும் ஏலக்காய் மணம் போகாத இருக்கையை 'உருமாறாத நிலை' என்று கொள்வதா என்பதில் விதி மௌனம் காக்கிறது. எல்.பி.ஜி. கிட் பொருத்தியதைப் பற்றி ஆய்வாளரும் மௌனம் காக்கிறார்.

இம்முடிவுகளை மெக்கானிக்கிடம் படித்துக் காட்டியபோது அவர் கூறியது: "கிளாசிக் ஆவுறது இருக்கட்டும்ண்ணே. அதுக்கு முன்னாடி எங்கயாச்சும் கிளட்ச் பிளேட்டு கெடச்சா சொல்லுங்க." களத்தரவு முழுமையும் இவ்வளவே. கட்டணம் கட்டினால் மூன்றே நாளில் அச்சேற்றும் பன்னாட்டு ஆய்விதழ்களுக்கு இது தாராளம்.

உரிமையாளருக்கு ஒரு கவலை எஞ்சியது. வின்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது என்கிறது விதி. அப்படியானால் 2050-க்குப் பிறகு உழவர் சந்தைக்கு எதில் போவது என்று கேட்டார். விதியை ஊன்றிப் படித்ததில் வழி கிடைத்தது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றோடு 'தொழில்நுட்ப ஆய்வு'க்கும் சாலையில் ஓட்ட அனுமதி உண்டு. திராட்சைக் கூடையின் எடை பின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் அளவு பற்றிய இருபதாண்டுத் தொடர் ஆய்வு ஒன்றை இருவரும் சேர்ந்து தொடங்கியிருக்கிறோம். தரவு சேகரிப்பு வாரம் இருமுறை, அதிகாலையில். அவருடைய மனைவி இணை ஆய்வாளர். தேங்காயையும் ஆய்வில் சேர்க்கச் சொல்கிறார்.